டிஸ்க்கின் ஓரத்தில் பொறித்த எண்

பெரிய எஸ்யூவி ஒன்றுக்குப் பிரேக் பேட் மாற்றும் நேரம் வந்ததும் பட்டறையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் மூன்று கேள்விகளில் முடிந்துவிடுகிறது. சத்தம் வருமா, எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும், ஒரிஜினலைவிட எவ்வளவு குறையும்? மூன்றும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஏழு பேரும் கூரை மீது பெட்டிகளுமாக மலையிலிருந்து இறங்கும்போது இந்தப் பேட் சூட்டைத் தாங்குமா என்று யாரும் கேட்பதில்லை. எடை கூடிய வண்டிக்கு அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். வண்டி சந்திக்கப்போகும் மிகக் கடினமான இறக்கம் எதுவோ, அதற்குப் பேட்டையும் டிஸ்க்கையும் தேர்ந்தெடுத்துவிட்டு, சத்தத்தையும் ஆயுளையும் பிறகு பேசலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். ஆட்களோடும் சாமான்களோடும் இரண்டரை டன் எடையுள்ள வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 9.6 லட்சம் ஜூல். பிரேக் அடித்து நிறுத்தினால் அனேகமாக அத்தனையும் வெப்பமாகி டிஸ்க்குகளில் ஏறுகிறது. முன்பக்க டிஸ்க்குகளுக்குத்தான் பெரும்பங்கு. அவை தலைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு முறை அடித்து நிறுத்துவதில் 60, 70 டிகிரி சூடு ஏறும். அது பெரிய விஷயமில்லை. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவது வேறு கணக்கு. உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். அதே வண்டி அவ்வளவு தூரம் கீழே வருவதற்குள் 4.6 கோடி ஜூல் ஆற்றலை எங்காவது கழித்தாக வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 48 முறை நிறுத்துவதற்கு இது சமம். காற்றும் டயரும் இன்ஜினும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி முழுக்கப் பேட்டும் டிஸ்க்கும் தாங்க வேண்டியது. ஒரு டன் எடையுள்ள சிறிய காருக்கு இந்தச் சுமையில் பாதிகூட இல்லை. ஆகவே சிறிய காரில் நன்றாக உழைத்த மலிவுப் பேட், பெரிய வண்டியிலும் உழைக்கும் என்று நம்ப இடமில்லை.

பேட்டில் உராயும் பொருளை ஒட்டிப் பிடித்திருப்பது பிசின். அதன் எல்லையைத் தாண்டிச் சூடேறினால் பிசின் சிதைந்து பிடிமானம் நழுவுகிறது. பெடல் காலுக்குக் கெட்டியாகத்தான் இருக்கும், வண்டிதான் நிற்காது. ஆர்கானிக் வகைப் பேட்டுகள் மென்மையானவை, சத்தம் போடாதவை; இந்த எல்லையை முதலில் தொடுபவையும் பெரும்பாலும் அவையே. செமி மெட்டாலிக் வகையில் உலோகம் அதிகம், கடும் சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் சக்கரத்தில் கரித்தூள் படியும், சில நேரம் கிறீச்சிடும், டிஸ்க்கையும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்கும். செராமிக் தூசு குறைவானது, அமைதியானது. ஆனால் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் ஒரே தரம் இல்லை. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைவிடப் பேட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் குறியீடு பயனுள்ளது. அந்த வரிசையில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதற்கு, இரண்டாவது கடும் சூட்டில் எவ்வளவு என்பதற்கு. ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. ஜி, ஈ என்று இருந்தால் வீட்டு வாசலில் கச்சிதமாகப் பிடித்து, மலையில் தளர்ந்துபோகும் பேட் அது. இந்த எழுத்துகளைத் தரும் சோதனை சின்னத் துண்டை வைத்து ஆய்வகத்தில் செய்வது. முழு உண்மையையும் சொல்லிவிடாது. ஆனாலும் இரண்டாவது எழுத்து இறங்கியிருக்கும் பேட்டைப் பெரிய வண்டிக்கு வாங்கக் கூடாது என்பேன்.

டிஸ்க் விஷயத்தில்தான் அலட்சியம் அதிகம். "லேத்துல ஒரு கட் போட்டா போதும் சார், புது டிஸ்க் எதுக்கு?" என்ற யோசனை சிக்கனமாகத் தோன்றும். டிஸ்க்கின் ஓரத்திலோ நடுக்கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தால் படிக்க முடியும். புது டிஸ்க்கின் தடிமனுக்கும் அந்த எண்ணுக்கும் இடையே பொதுவாக இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் இடைவெளி. அதிலும் பெரிய வண்டியின் முன் டிஸ்க் ஒரே கட்டி இரும்பு கிடையாது. இரண்டு தகடுகள், நடுவே காற்றோடும் இடைவெளி. மொத்தத் தடிமன் 28 மில்லிமீட்டர் என்றால் சூட்டை வாங்கும் தகடுகள் அதில் ஒரு பகுதிதான். தேய்ந்த டிஸ்க்கின் விளிம்பில் நகத்தை வைத்தால் ஒரு வரப்பு தட்டும். அதை லேத்தில் சமன் செய்யும்போது, வெப்பத்தை வாங்கி வைக்க வேண்டிய இரும்பையே சீவி எடுக்கிறோம். கடைந்த பிறகும் பொறித்த எண்ணுக்கு மேல் தாராளமாக மிச்சம் இருந்தால் சரி. எல்லையை ஒட்டி நின்றால் புதிய டிஸ்க்தான் போட வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் ஜோடியாக. துளையிட்ட டிஸ்க் சூட்டை விரட்டும் என்ற பேச்சும் இந்த இடத்தில் பொருந்தாது. ஒவ்வொரு துளையும் கொஞ்சம் இரும்பைக் குறைக்கிறது. திரும்பத் திரும்பச் சூடேறிக் குளிரும்போது விரிசல் தொடங்குவதும் துளையின் விளிம்பில்தான். அழகுக்குக் கொடுக்கும் அந்தப் பணத்தை நல்ல பேட்டில் போடலாம்.

வருஷத்துக்கு ஒருமுறைதான் மலைக்குப் போகிறோம், அதற்காக இவ்வளவு செலவா என்று கேட்கலாம். அந்த ஒரு பயணத்தில்தான் வண்டி நிறையக் குடும்பம் இருக்கும், சாலையும் ஓட்டுநருக்குப் பழகாததாக இருக்கும். கியரைக் குறைத்து இறக்கினால் பிரேக்குக்கு வேலையே இல்லையே என்ற வாதம் இதைவிட வலுவானது. ஊட்டியிலிருந்து இறங்கும், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் குறைந்த கியரில் இறங்கச் சொல்லிப் பலகைகள் நிற்பது அதனால்தான். இன்ஜின் எவ்வளவு பாரத்தை எடுத்துக்கொள்கிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் பெருகிவிட்ட இக்காலத்தில், 'டி'யில் போட்டதை அடிவாரம் வரை மாற்றாமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்குபவர்கள் ஏராளம். ஓட்டும் முறையும் பொருளின் தரமும் ஒன்றையொன்று தாங்க வேண்டியவை. பிரேக் ஆயிலும் இதில் சேரும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாமல் கொதிநிலை உள்ளது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 வரை இறங்கலாம். கொதித்துக் குமிழி வந்துவிட்டால் பெடல் தரைவரை போகும். நல்ல பேட் போட்டுவிட்டு நான்கு வருஷத்து ஆயிலை அப்படியே விடுவது பாதி வேலைதான்.

விலை என்ற தடை உண்மையானது, அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வருவதைத்தான் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐரோப்பாவில் செல்லுபடியாகும் ஆர் 90 விதி, மாற்றுப் பேட்டின் செயல்திறன் ஒரிஜினலிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்கிறது. அந்தச் சான்று பெற்ற மாற்றுப் பேட்டுகள் இருக்கின்றன. ரானே, சுந்தரம், பிரேக்ஸ் இந்தியா என்று பிரேக் பொருள்கள் செய்யும் பழைய நிறுவனங்கள் சென்னையிலேயே இருக்கின்றன. அப்படிப்பட்ட தயாரிப்பாளரின் பொருளை அங்கீகரித்த கடையில் பில்லோடு வாங்கினால் டூப்ளிகேட் பயமும் குறையும். வேலை முடிந்ததும் பட்டறைக்காரரிடம் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். டிஸ்க்கை மைக்ரோமீட்டரில் அளந்து, நான்கு சக்கரத்துக்கும் தடிமனைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. அடுத்த சர்வீஸில் "டிஸ்க் நல்லா இருக்கு சார்" என்று யாராவது சொன்னால், ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஓர் எண் இருக்கும்.