சபைச் செய்தி யாருடைய சொத்து?

"எங்கள் சனங்களுக்கு மாநகர சபைச் செய்தியில் அக்கறை இல்லை." முப்பது ஆண்டுகளாக இந்த வசனத்தைக் கேட்டு வருகிறேன். ஆசிரியபீடங்களில் கேட்டிருக்கிறேன். உள்ளூராட்சி மன்ற அலுவலகங்களின் வரவேற்பறைகளிலும் கேட்டிருக்கிறேன். இரண்டு இடங்களிலும் இதைச் சொன்னவர்கள் ஏறத்தாழ ஒரே தொனியில், ஒரு பெருமூச்சுடன், பழியைச் சனங்களின் தலையில் இறக்கிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். இது பொய். அதுவும் வசதியான பொய்.

யாழ்ப்பாணத்தின் எந்த ஒழுங்கையிலும் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். படலைக்கு வெளியே குப்பைப் பையை வைப்பதா, உள்ளே எடுப்பதா என்று தெரியாமல் ஒருவர் நிற்பார். உழவு இயந்திரம் இன்று வருமா, நாளை வருமா என்று பக்கத்து வீட்டாரைக் கேட்பார். பக்கத்து வீட்டாருக்கும் தெரியாது. மலசலக் குழி நிரம்பிவிட்டால் பவுசருக்கு எங்கே பதிவது, எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் காத்திருப்பது என்று கேட்பார். வீட்டுக்கு மதில் எழுப்ப அனுமதி வேண்டுமா, தெருவிளக்கு எரியாவிட்டால் எந்த இலக்கத்துக்கு அறிவிப்பது, வெள்ளவாய்க்காலை மறித்துக் கடை போட்டவர் மீது யாரிடம் முறையிடுவது என்று கேட்பார். நாள் முழுவதும் சபையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு மனிதருக்குச் சபைச் செய்தியில் அக்கறை இல்லை என்று எந்த வாயால் சொல்கிறோம்?

சோலை வரியை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்குரிய வரி முழுவதையும் ஜனவரி 31 ஆம் திகதிக்கு முன்னர் செலுத்தினால் 10 சதவீதம் கழிவு உண்டு. காலாண்டுக்கொரு முறை செலுத்துபவர் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் செலுத்தினால் 5 சதவீதம். இது யாரும் புதிதாகக் கொடுத்த சலுகையல்ல. நாடெங்கும் நெடுங்காலமாக உள்ள நடைமுறை. ஆனால் ஓய்வூதியத்தில் வாழும் எத்தனை பேர் இதை அறியாமல் மார்ச்சிலும் ஏப்ரிலிலும் முழுத்தொகையைக் கட்டிவிட்டு வருகிறார்கள்! இதைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. ஆதனத்துக்குப் புதிய மதிப்பீடு செய்யப்பட்டால் அதற்கு ஆட்சேபம் தெரிவிக்க உரிமையாளருக்கு உரிமை இருக்கிறது. அறிவித்தலில் குறித்த காலத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலம் தப்பினால் மதிப்பீடு நின்றுவிடும். வரி நிலுவையானால் பொருட்களைக் கைப்பற்றும் பற்றாணை வரை சட்டம் போகும். உரிமையாளர் கனடாவிலோ பிரான்சிலோ இருக்க, வயதான தாயார் மட்டும் இருக்கும் வீடுகள் எங்கள் நகரில் எத்தனை! அந்தத் தாயாரின் மேசை லாச்சியில் பிரிக்கப்படாத கடித உறைகள் எத்தனை! ஒரு பத்திரிகையின் உள்பக்கத்தில் நான்கு வரி வந்திருந்தால் போதுமானது.

வருவது என்ன? உள்ளூராட்சி மன்றங்களின் முகநூற் பக்கங்களைத் திறந்து பாருங்கள். பொன்னாடை, குத்துவிளக்கு, நாடா வெட்டுதல், சிரமதானத்தில் மண்வெட்டியைப் பிடித்தபடி கமராவைப் பார்த்துச் சிரிக்கும் பத்துப் பேர். கிரவல் போட்ட வீதியைத் திறந்து வைக்கும் படம் இருக்கும். அந்த வீதிக்கு எவ்வளவு பணம், யார் ஒப்பந்தகாரர், எத்தனை மாதத்துக்கு அவர் பொறுப்பு என்பது இராது. அடுத்த மழைக்கு வீதி கரைந்தபின் யாரிடம் கேட்பது என்பதும் இராது. சபைகளின் சுவர்களில் அறிவித்தற் பலகை உண்டு என்பது உண்மை. அது கண்ணாடிக்குள் பூட்டப்பட்டு, வெயிலில் வெளிறி, சில வேளைகளில் சென்ற ஆண்டின் விலைமனுக் கோரலைத் தாங்கியபடி நிற்கும்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி எண்ணவில்லை. எங்கள் ஊர்களில் தகவல் என்பது ஒரு நாணயம். தெருவிளக்கைப் போட்டுத் தந்தவர் இன்னார் என்று வட்டாரத்தில் பேச்சு வர வேண்டும். "அண்ணையிட்டைச் சொன்னனான், அடுத்த நாளே ஆள் வந்து போட்டது" என்ற வார்த்தையில்தான் அடுத்த தேர்தலின் வாக்கு இருக்கிறது. முறைப்பாடு எங்கே பதிவது, எத்தனை நாளில் திருத்தப்பட வேண்டும், திருத்தாவிட்டால் அடுத்து யாரைக் கேட்பது என்பது பகிரங்கமாக வெளிவந்துவிட்டால் அண்ணையின் தயவுக்கு விலை ஏது? அலுவலகத்தின் உள்ளே இருப்பவருக்கும் அதே கணக்குத்தான். படிவம் எந்த மேசையில் என்று சொல்வதே ஒரு உபகாரம் ஆகிவிட்ட இடத்தில், படிவத்தைச் சுவரில் ஒட்ட யார் விரும்புவார்? தெரிந்த ஆள் உள்ளவனுக்குச் சபை சேவை செய்கிறது. தெரிந்த ஆள் இல்லாதவன் வரி கட்டுகிறான்.

இந்தப் பழக்கம் வானத்திலிருந்து விழவில்லை. 1983 மே மாதத்துக்குப் பின் 1998 ஜனவரி வரை யாழ்ப்பாணத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள். ஒரு குழந்தை பிறந்து சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் காலம். அந்தக் காலம் முழுவதும் சபை என்பது எழுதுவினைஞரின் மேசையாகவும், கடந்து போக வேண்டிய வாசலாகவுமே மக்களுக்கு இருந்தது. தேர்தல் வந்தபின் நடந்ததும் தெரிந்ததே. 1998 மே 17 ஆம் திகதி முதல்வர் சரோஜினி யோகேஸ்வரன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் முதல்வரான பொன்னுத்துரை சிவபாலன் அதே ஆண்டு செப்டெம்பர் 11 ஆம் திகதி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அதற்கு முன்னர், 1975 ஜூலை 27 ஆம் திகதி, அல்பிரட் துரையப்பா. உலகில் வேறெந்தச் சிறிய நகரின் முதல்வர் நாற்காலி இவ்வளவு இரத்தம் கண்டிருக்குமோ தெரியாது. இத்தனை விலை கொடுக்கப்பட்ட நாற்காலியைச் சுற்றி நடக்கும் அன்றாட வேலை மாத்திரம் செய்தியாகத் தகுதியற்றது என்றால் அதை என்னவென்று சொல்வது?

2018 பெப்ரவரியில் புதிய கலப்பு முறையில் தேர்தல் நடந்தது. 45 ஆசனங்களில் தமிழரசுக் கட்சிக்கு 16, காங்கிரசுக்கு 13, ஈ.பி.டி.பி.க்கு 10. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அடுத்த ஐந்து ஆண்டும் யாழ். மாநகர சபை பத்திரிகைகளில் இடம்பிடித்தது, இல்லையென்று சொல்லவில்லை. பாதீடு தோற்றது, முதல்வர் மாறினார், மீண்டும் பாதீடு, மீண்டும் முதல்வர். எந்த உறுப்பினர் யார் பக்கம் கையுயர்த்தினார் என்பதைக் கிரிக்கெட் ஓட்ட விபரம்போல் தந்தார்கள். தோற்ற பாதீட்டில் என்ன இருந்தது? வடிகாலுக்கு எவ்வளவு, நூலகத்துக்குப் புத்தகம் வாங்க எவ்வளவு, சுகாதாரத் தொழிலாளருக்கு எவ்வளவு? தேடிப் பாருங்கள்.

2021 ஏப்ரிலில் முதல்வர் வி. மணிவண்ணன் பயங்கரவாத விசாரணைப் பிரிவினரால் கைதுசெய்யப்பட்டுப் பிணையில் விடப்பட்டார். நகரைத் துப்புரவாக வைக்க அமர்த்தப்பட்ட ஐந்து பேரின் சீருடை விடுதலைப் புலிகளின் காவல்துறைச் சீருடையை ஒத்திருந்தது என்பது குற்றச்சாட்டு. குப்பை போடுபவரையும் வெற்றிலை துப்புபவரையும் பிடிப்பதற்கான ஐந்து பேர்! அந்தக் கைது அநியாயமானது, அதைக் கண்டித்து எழுத வேண்டியது கடமை, எழுதினார்கள். ஆனால் சீருடையின் நீல நிறத்தைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதப்பட்டபோது, அந்த ஐவரின் வேலை என்ன ஆனது, தெருக்கள் துப்புரவாகினவா, கல்லுண்டாயில் கொட்டப்படும் குப்பையின் கதி என்ன என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். கொழும்புக்குச் சம்பந்தப்பட்டால் செய்தி. ஒழுங்கைக்குச் சம்பந்தப்பட்டால் செய்தியில்லை. இதுதான் எங்கள் தொழிலின் எழுதப்படாத யாப்பு.

பிறகு வந்தது மௌனம். 2023 மார்ச் 19 ஆம் திகதி நாட்டின் உள்ளூராட்சி மன்றங்களின் ஆயுள் முடிந்தது. மார்ச் 9 ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தலுக்குத் திறைசேரி பணம் விடவில்லை. தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்ட் 22 ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6 ஆம் திகதி. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஆணையாளர்களும் செயலாளர்களும் சபைகளை நடத்தினார்கள். அவர்களில் நேர்மையாகவும் திறமையாகவும் வேலை செய்தவர்களை நான் அறிவேன். பிரச்சினை அவர்களின் நேர்மையல்ல. 2023 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் டெங்கு பரவி வைத்தியசாலைக் கட்டில்கள் நிரம்பின. 2024 நவம்பர் இறுதியில் வெள்ளம் வந்தது. அதையடுத்து எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டு போனது. இந்த மூன்று வேளைகளிலும், "இந்த வட்டாரத்தின் வாய்க்கால் ஏன் துப்புரவாக்கப்படவில்லை" என்று எழுந்து கேட்க ஓர் உறுப்பினர் இல்லை. கேள்வியும் பதிலும் பதிவாகும் ஒரு மாதாந்த அமர்வு இல்லை. அமர்வு இருந்திருந்தால் டெங்கு வந்திராது என்று நான் வாதிடவில்லை. யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஒரு முகவரி இருந்திருக்கும்.

இதில் வேடிக்கை ஒன்று. சபை இல்லாமற் போனதைப் பல வாசகர்கள் மாதக்கணக்கில் உணரவே இல்லை. இருந்தபோது அது என்ன செய்தது என்று சொல்லப்பட்டிருந்தால் அல்லவா, இல்லாதபோது குறை தெரியும்!

பத்திரிகைகளின் பங்கை மழுப்ப நான் தயாரில்லை. 1959 இல் 'ஈழநாடு' யாழ்ப்பாணத்தில் தொடங்கியதன் நியாயமே, கொழும்பில் அச்சாகும் தாளுக்கு எங்கள் ஊரின் மதகு தெரியாது என்பதுதான். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்டார்கள். மின்சாரம் இல்லை, மை இல்லை. ஆனால் எந்தச் சங்கக்கடையில் எந்த நாள் மண்ணெண்ணெய் கொடுபடும், கூப்பன் அட்டைக்கு எவ்வளவு சீனி என்பது அந்தத் தாளில் இருந்தது. குண்டுச் சத்தத்தின் நடுவே அதை வாசித்துவிட்டுச் சனம் வரிசைக்குப் போனது. இன்று வழவழப்பான தாளும் வண்ணப் படமும் உண்டு. மரண அறிவித்தல்களை நீக்கிவிட்டால், ஒரு குடியிருப்பாளர் வெட்டி எடுத்து வைக்கத்தக்கது அதில் என்ன? (மரண அறிவித்தலைக் குறைவாகச் சொல்லவில்லை. நேரம், இடம், தொடர்புக்கு இலக்கம் என்று முழுத் தகவலும் உள்ள ஒரே பகுதி அதுதான்.)

ஆளணி இல்லை, பணமில்லை என்று சபைகள் சொல்லும். பொன்னாடைப் படத்தை அன்று மாலையே ஏற்றுவதற்கு ஆளணி எங்கிருந்து வந்தது? அமர்வுகள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்பதும், பாதீட்டு வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் பழைய விடயங்கள். வேண்டுமானால் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள் என்று சிலர் எனக்கு ஆலோசனை சொல்கிறார்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் நல்ல சட்டம். உள்ளூராட்சி மன்றங்களையும் அது கட்டுப்படுத்துகிறது. ஆனால் குப்பை வண்டி எந்த நாள் வரும் என்பதை அறிய ஒரு குடிமகன் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பம் எழுதி, 14 வேலை நாட்கள் காத்திருக்க வேண்டும் என்றால், அந்தச் சட்டத்தை ஆக்கியவர்களே வெட்கப்படுவார்கள். ஊழலைத் தோண்டுவதற்கான மண்வெட்டியைக் கொடுத்து, அதனால் பாணுக்கு வெண்ணெய் பூசச் சொல்வதா?

நான் கேட்பது பெரிய சீர்திருத்தமல்ல. அமர்வுக்கு ஒரு கிழமை முன்னர் நிகழ்ச்சி நிரல் வெளிவரட்டும். அமர்வு முடிந்தபின் அறிக்கையும் எடுத்த தீர்மானமும் தமிழில் வெளிவரட்டும். வட்டார வாரியாகக் குப்பை நாள் ஒரு தாளில் அச்சாகி, சோலை வரிச் சிட்டையின் பின்பக்கத்தில் வரட்டும். அந்தப் பின்பக்கம் எப்படியும் வெறுமையாகத்தானே இருக்கிறது. பத்திரிகைகள் மாநகர சபை அமர்வுக்கு ஒரு செய்தியாளரை அனுப்பட்டும். சண்டை வரும் நாளில் மட்டுமல்ல, வடிகாலைப் பற்றிப் பேசிக் கொட்டாவி வரும் நாளிலும், குழுக் கூட்டங்களின் அறிக்கையைக் கேட்டு வாங்கவும்.

2025 ஜூனில் யாழ்ப்பாணத்துக்குப் புதிய சபை வந்தது. மீண்டும் ஒரு பெண் முதல்வரானார். இம்முறையும் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. ஆகவே கையுயர்த்தும் கணக்குக்குக் குறைவிராது. வாசகர்களுள் மாநகர எல்லைக்குள் வசிப்பவர்கள் தங்கள் வட்டாரத்தில் குப்பை எடுக்கும் நாள், தெருவிளக்கு முறைப்பாடு செய்த திகதி, திருத்தப்பட்ட திகதி ஆகியவற்றை எனக்கு எழுதி அனுப்பினால், பெயரை விட்டுவிட்டு மாதந்தோறும் இங்கே அட்டவணையாக இடுவேன். மற்ற மாநகர, நகர, பிரதேச சபைகளில் வசிப்பவர்களும் எழுதலாம். ஜனவரி 31 ஆம் திகதியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.