"ஆவன செய்க" என்றால் எதைச் செய்வது?

விண்ணப்பத்தின் கடைசி வரியில் "கைண்ட்லி டூ தி நீட்புல்" என்று போட்டால்தான் நம்மவர்களுக்குத் திருப்தி. "ஆவன செய்க" என்பது அதன் பொருள். பிரிட்டனில் இது அநேகமாக வழக்கொழிந்துவிட்டது. இந்திய அலுவலகங்களில் இன்றும் கொடிகட்டிப் பறக்கிறது. இருக்கட்டும், சொல்லில் பிழை ஏதும் இல்லை. ஆனால் ஆக வேண்டியது எது என்று மேலே சொல்லியிருக்க வேண்டாமா? மும்பையில் ரேஷன் கார்டில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராக ஏறி, பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகாமல் திண்டாடும் தமிழர்கள் உண்டு. மனுவில் கஷ்டங்கள் ஒரு பக்கம் இருக்கும். கார்டு எண் இராது. சரியான பெயர் இன்னதென்றும் இராது. முடிவில் "நீட்புல்" மட்டும் தவறாது. குமாஸ்தா என்ன செய்வார்? கட்டோடு கட்டாகச் சேர்த்து வைப்பார். "இந்தப் பெயரை இப்படித் திருத்துக" என்று முதலில் எழுதி, சான்றிதழ் நகலையும் இணைத்துவிட்டால், பிறகு நீட்புல்லைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.