மழை நாளில் மழலைகள்



நம் கடற்கரை ஊர்களில் குளிர்காலம் என்பது மழைக்காலமே. ஐப்பசி அடைமழையில் கதவைச் சாத்தியதும் பிள்ளைகளுக்கு வீடே சிறையாகிவிடுகிறது. அடுப்படி வேலை முடியட்டும் என்று கைப்பேசியை நீட்டிவிடுகிறோம். (நானும் நீட்டியவன்தான்.) இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 1 மணி நேரத்திற்கு மேல் திரை முன் அமரலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. நம் வீடுகளிலோ மழை விடும்வரை அது ஓய்வதில்லை.

பரண்மேல் கிடக்கும் பல்லாங்குழியை இறக்குங்கள். பலகை இல்லையேல், தரையில் சாக்பீஸால் வரிசைக்கு 7 ஆக 14 வட்டங்கள் வரைந்தால் போதும். குழிக்கு 5 புளியங்கொட்டைகள், ஆக 70. ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் ‘பசு’ என்று அள்ளும் மகிழ்ச்சியில், பலகையில் எழுதி நான் புகட்டத் திணறும் கணக்கு தானே வந்துவிடுகிறது. ஆனால் எதிரே ஒருவர் அமர்ந்தாக வேண்டும். உம்மம்மா இருந்தால் அவரை அமர்த்துங்கள். தோற்பதுபோல் நடிப்பதில் அவருக்கு நிகர் எவருமில்லை.

மூன்று வயது நிரம்பாத குழந்தையை மட்டும் அருகில் விடாதீர்கள். என் இளைய மகன் ஒரு கொட்டையை மூக்கில் செருகிக்கொள்ள, கொட்டும் மழையில் அவனை மருத்துவரிடம் தூக்கி ஓடினேன். அத்தகைய சிறுவனிடம் கைக்குட்டைகளை மடிக்கக் கொடுங்கள். மடிப்பு கோணலாகத்தான் இருக்கும். அவன் பார்க்கும்போது அதைப் பிரித்து மடிக்காதீர்கள்.