பிறர் மூலதனமும் நம் கட்டணமும்

ஜவ்வாது மலை போன்ற பிரதேசங்களில், சாமையும் புளியும் கைக்கு வருமுன்பே முன்பணம் கொடுத்து, வந்தபின் தாம் வைத்த விலைக்கே அள்ளிச் சென்ற வியாபாரிகளின் பிடியிலிருந்து மலைக்குடிகளை மீட்கும் உத்தேசத்துடனேயே, 1971-ஆம் ஆண்டின் பாவா குழு செய்த சிபாரிசுப்படி, கடனும் கொள்முதலும் ஒரே இடத்தில் நடக்கும் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின; அம்மலையிலுள்ள ஜமுனாமரத்தூரிலும் அத்தகைய சங்கம் உண்டு. அந்த முன்பணத்தின் நிபந்தனைகள் கொடியவை. எனினும் கொடுத்தவன் தன் பணத்தைக் கொடுத்தான் என்பதை மறுப்பதற்கில்லை. இன்றோ, மலையென்றும் சமவெளியென்றும் பாராது கைபேசிக்கு வந்துசேரும் விளம்பரமொன்று, 'எங்கள் மூலதனத்தில் சந்தை வர்த்தகம் செய். இலாபத்தில் நூற்றுக்கு எண்பது உனக்கு' என்று ஆசை காட்டிவிட்டு, முதற்காரியமாக நம்மிடமே பரீட்சைக் கட்டணம் வாங்கிக்கொள்கிறது.

அப்பரீட்சையில் தேறியவருக்குத் தரப்படும் 'ஃபண்டட் அக்கவுண்ட்' எனும் கணக்கில், உதாரணமாக, 1,00,000 டாலர் இருப்பதாகத் திரை காட்டும். நஷ்ட எல்லை 6,000 டாலர் என்றால், நம் உபயோகத்துக்கு உண்மையில் உள்ளது அந்த 6,000 மட்டுமே. ஒரே நாளில் இழக்கக்கூடியதற்கும் பெரும்பாலும் தனி எல்லை உண்டு. மீறினால் கணக்கு மூடப்படும். இவற்றினும் அபாயகரமானது, இலாபத்தைத் தொடர்ந்து மேலேறும் 'டிரெயிலிங்' எல்லை: தொடக்கத்தில் 94,000-இல் நிற்பது, இருப்பு 1,04,000-ஐத் தொட்டவுடன் 98,000-க்கு உயர்ந்துவிடும், பிறகு இறங்காது. சில ஸ்தாபனங்களில், முடிக்காத வர்த்தகத்தின் ஏட்டளவு இலாபம் கணநேரம் எட்டிய உச்சமே இதற்கு அளவாகிறது.

பணம் எடுக்கும்போதுதான் இதன் முழுக் கஷ்டமும் புலப்படும். ஈட்டிய 4,000-ஐயும் எடுத்தால் இருப்பு மீண்டும் 1,00,000 ஆகும். எல்லையோ 98,000-இலேயே நிற்கும். 6,000 அளவு இருந்த அவகாசம் 2,000 ஆகச் சுருங்கிவிடும். குறைந்தபட்ச வர்த்தக நாட்கள், ஒரே நாள் இலாபம் மொத்தத்தில் இத்தனை பங்குக்கு மேற்படலாகாது என்பன போன்ற விதிகளும் உண்டு. இலாபத்தை எடுப்பவனை இழப்பின் விளிம்புக்கே தள்ளும் ஏற்பாட்டை ஒழுக்கப் பயிற்சி என்று புகழ்வதை நான் ஏற்கேன்.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் 'எஃப் அண்ட் ஓ' எனும் முன்பேர ஒப்பந்த வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்தனர்; மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். தம் சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்தவர்களின் கதியே இதுவாயின், நகரும் எல்லையின்கீழ் தேறுவோர் எத்தனை பேர் இருக்கக்கூடும்? இக்கணக்குகளில் பெரும்பாலானவை சந்தையைத் தொடாத மாதிரிக் கணக்குகளே. ஆதலால் தோற்றவர்களின் கட்டணமே வென்றவர்களுக்குப் பட்டுவாடா ஆகும் நிலைக்கு இடமிருக்கிறது. அங்கீகாரமற்ற அந்நியச் செலாவணித் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022-இலேயே வெளியிட்டது; மாதிரி வர்த்தகத் தளங்களைப் பற்றிச் செபியும் 2024 நவம்பரில் எச்சரித்தது. எச்சரிக்கை போதாது, கட்டணம் வாங்கும் ஒவ்வொரு ஸ்தாபனமும், எத்தனை பேரிடம் வாங்கியது, எத்தனை பேருக்குப் பணம் கொடுத்தது என்பதைப் பகிரங்கப்படுத்தச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். அது வரும்வரை, கட்டணத்துக்காகக் கடன் வாங்க எண்ணும் இளைஞர்கள், பணம் எடுக்கும் விதிகளைக் கடைசி வரி வரை படித்துவிட்டு, அந்தக் கடனை வாங்காதிருக்க வேண்டுகிறேன்.