புகைக்கும் ஒரு முகவரி உண்டு

"அக்கா, பக்கத்து வயல்ல வைக்கோல் எரிக்கிறாங்க. பிள்ளைக்கு இழுப்பு. யார்கிட்ட சொல்றது?" அறுவடை முடிந்தால் போதும், வானொலிக்கு வரும் குரல் பதிவுகளில் இந்தக் கேள்வி தவறுவதில்லை. "இதுவரை யாரிடம் சொன்னீர்கள்?" என்று கேட்டால், "ஃபேஸ்புக்கில் போட்டேன்" என்பார்கள்.

பெண்டாங், மூடா நெற்களஞ்சியத்தின் ஒரு பகுதி. ஆண்டுக்கு இரண்டு போகம். அடுத்த நடவுக்குள் நிலத்தைத் தயார் செய்தாக வேண்டும். வைக்கோலை அள்ள ஆளும் இயந்திரமும் செலவு, தீக்குச்சி மலிவு. விவசாயியின் அவசரம் புரிகிறது. ஆனால் புகையில் வரும் நுண்துகள் நுரையீரலின் ஆழம்வரை போகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும் வயதான பாட்டிக்கும் அந்த இரவு தூக்கமில்லை.

"ஏ.பி.ஐ. நல்லாத்தானே காட்டுது?" என்று கேட்கலாம். கெடாவில் அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, கூலிம், லங்காவி போன்ற இடங்களில்தான் அளவு நிலையங்கள் உள்ளன. உங்கள் தாமானில் சூழும் புகையை அலோர் ஸ்டார் கருவி எப்படிக் காட்டும்? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

யாரிடம்? திறந்தவெளி எரிப்பு, ஆலைப் புகை என்றால் சுற்றுச்சூழல் இலாகா: 1-800-88-2727. தீ பரவினால் 999. அடைத்த கால்வாய், கடைத் துர்நாற்றம், பட்டறைச் சத்தம் என்றால் பெண்டாங் மாவட்ட மன்றம்.

"ரொம்ப நாளா புகை" என்று மட்டும் சொன்னால் அதிகாரி எங்கே போவார்? இடம், தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன எரிகிறது என்பதைக் குறியுங்கள். உங்கள் வாசலில் நின்றே படம் எடுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணோடு எழுத்தில் நினைவூட்டுங்கள்.

பலன் உண்டா? 2018 தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்குத் தடை போட்டதும், அந்தக் குப்பை நம் நாட்டுக்குத் திரும்பியது. சுங்கை பட்டாணியில் சட்டவிரோத ஆலைகளின் எரிந்த பிளாஸ்டிக் நெடி இரவில் வீடுகளுக்குள் வந்தது. மக்கள் ஒன்றுசேர்ந்து விடாமல் புகார் செய்தார்கள். விஷயம் உலகச் செய்தியானது. அதிகாரிகள் ஆலைகளை மூடத் தொடங்கினார்கள். சிலாங்கூரின் ஜெஞ்சாரோமிலும் இதே கதைதான்.

"அக்கம்பக்கத்தில் பகை வேண்டாமே" என்ற தயக்கம் நியாயமானதே. குப்பை எரிப்பவர் அண்டை வீட்டார் என்றால் முதலில் அன்பாகப் பேசுங்கள். 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி திறந்தவெளி எரிப்பு குற்றம் என்பதும், 2024 திருத்தத்துக்குப் பின் அபராதம் 10 லட்சம் ரிங்கிட்வரை போகலாம் என்பதும் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

இது நமக்கும் பொருந்தும். வழிபாட்டுத் தீக்குச் சட்டம் விலக்கு தருகிறது; போகியன்று எரியும் பழைய மெத்தைக்கும் டயருக்கும் அல்ல.

இன்றே அந்த எண்ணைக் கைப்பேசியில் சேமியுங்கள். அடுத்த முறை புகை வந்தால், சன்னலைச் சாத்தும் முன் மணியைப் பாருங்கள். உங்கள் புகாரின் முதல் வரி அதுதான்.