மின்சாரக் கார் வாங்கலாமா? விலையைவிட வாசல்தான் முடிவு செய்கிறது

கோலாலம்பூர், டிச. 14 - "எண்ணெய் ஊற்றினால் ஓடும் கார் நன்றாகத்தானே இருக்கிறது, சார்ஜ் போடும் காருக்கு ஏன் மாற வேண்டும்?" காப்பிக் கடையிலும் கோயில் வாசலிலும் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களைப் புதுமைக்குப் பயந்தவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருப்பது தெரிகிறது.

நேற்றுவரை மின்சாரக் கார் பணக்காரர்களின் பேச்சாக இருந்தது. வரிவிலக்கோடு முழுமையாக இறக்குமதியான மின்சாரக் கார்களின் விலை 1 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையக்கூடாது என்பது அரசாங்கத்தின் நிபந்தனையாக இருந்தது. அந்த வரிவிலக்கு 2025 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. இதற்கிடையில் தேசியக் கார்களும் களத்தில் இறங்கிவிட்டன. 2025 அக்டோபரில் வந்த புரோட்டோன் இ.மாஸ் 5 காரின் தொடக்க விலை 60,000 ரிங்கிட்டுக்கும் சற்றுக் குறைவாக இருந்தது. 2025 டிசம்பர் 1ஆம் தேதி பெரோடுவா தனது முதல் மின்சாரக் காரான கியூவி-இ காரை 80,000 ரிங்கிட் விலையில் அறிமுகப்படுத்தியது.

ஆனால் பெரோடுவாவின் அந்த விலையில் மின்கலம் சேரவில்லை. அறிமுகத்தின்போது அதற்கு மாதம் 275 ரிங்கிட் வாடகை, 9 ஆண்டுகளுக்கு. கூட்டினால் 29,700 ரிங்கிட். கார் லோன் தவணை தனி, இந்த வாடகை தனி. மின்கலம் பழுதாகுமோ என்ற கவலையை இது குறைக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் 50,000 ரிங்கிட்டுக்குக் குறைவாகத் தொடங்கும் மைவியோடு ஒப்பிடும்போது, மாதச் சம்பளக் குடும்பத்திற்கு இது சிறிய தொகை அல்ல.

"எண்ணெய்ச் செலவு மிச்சமாகுமே" என்பார்கள். அதையும் பார்ப்போம். புடி95 திட்டத்தின் கீழ், 2025 செப்டம்பர் 30 முதல் மலேசியர்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது, தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் வரை. 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் பிடிக்கும் சிறிய காருக்கு ஆகும் செலவு சுமார் 12 ரிங்கிட். அதே தூரத்துக்கு மின்சாரக் கார் 15 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் சார்ஜ் செய்தால், யூனிட்டுக்கு 50 சென் என்று கணக்கிட்டாலும் 7.50 ரிங்கிட்தான். வெளியே விரைவு மின்னூட்ட நிலையத்தில் யூனிட்டுக்கு 1.20 ரிங்கிட் கட்டினால் 18 ரிங்கிட் ஆகிவிடுகிறது.

மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பெட்ரோல் 143 ரிங்கிட், வீட்டுச் சார்ஜ் 90 ரிங்கிட், வெளிச் சார்ஜ் 216 ரிங்கிட். வீட்டில் சார்ஜ் செய்பவருக்கு மாதம் 53 ரிங்கிட் மிச்சம். வெளியே சார்ஜ் செய்பவருக்கோ 73 ரிங்கிட் கூடுதல் செலவு. கார் ஒன்றுதான், சாலையும் ஒன்றுதான். எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்பதுதான் வித்தியாசம்.

நம்மவர்களின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு பட்டணத்துக்கு வந்த குடும்பங்களில் பல, மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியிருக்கின்றன. ஐந்தாவது மாடியில் வீடு, கீழே கிடைத்த இடத்தில் கார். மேலிருந்து வயர் இழுக்க முடியுமா? தோட்டத்து லயன் வீட்டில் இருப்பவருக்கு வாசலில் இடம் உண்டு. ஆனால் வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம், வயரிங்கும் பழையது. தரை வீடு வைத்திருப்பவருக்கு மட்டுமே மலிவான மின்சாரம் கைக்கு எட்டுகிறது.

2025க்குள் 10,000 பொது மின்னூட்ட முனையங்கள் என்பது அரசாங்கத்தின் இலக்காக இருந்தது. அந்த ஆண்டு முடிந்தபோது இலக்கு எட்டப்படவில்லை. அமைக்கப்பட்டவற்றிலும் பெரும்பகுதி மெதுவாகச் சார்ஜ் ஆகும் ஏசி வகை. இ.மாஸ் 5 காரின் தொடக்க ரகம் ஒரு முழுச் சார்ஜில் 225 கிலோமீட்டர் ஓடும் என்கிறது தயாரிப்பு நிறுவனம். நெடுஞ்சாலை வேகத்தில் அது குறையும். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கே 200 கிலோமீட்டருக்கு மேல். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் குடும்பம் வழியில் வரிசையில் நிற்கத் தயாராக இருக்க வேண்டும்.

ஆனால் எல்லாச் சந்தேகமும் சரியானதல்ல. "இதெல்லாம் ஓடாது" என்பது தவறு. கடுங்குளிர் நாடான நோர்வேயில் 2024இல் விற்பனையான புதிய கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரக் கார்கள். என்ஜின் எண்ணெய், ஸ்பார்க் பிளக் செலவுகளும் இதில் இல்லை. மின்கலத்துக்குப் பல நிறுவனங்கள் 8 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. ஆனால் நம்மில் பலர் வாங்குவது இரண்டாம் கைக் கார். உத்தரவாதம் முடியும் வேளையில் கைக்கு வரும் மின்கலத்தின் நிலையைத் தாமான் பட்டறைக்காரர் பார்த்துச் சொல்ல முடியுமா? அவருக்கும் இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்க வேண்டாமா?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. உதவித்தொகை இல்லாத ரோன்95 விலை 2025 இறுதியில் 2.60 ரிங்கிட் அளவில் இருந்தது. நாளை 1.99 ரிங்கிட் சலுகை குறைந்தால், தரை வீட்டுக்காரர் வாசலில் சார்ஜ் போட்டுத் தப்பித்துக்கொள்வார். அடுக்குமாடிக்காரருக்கு எண்ணெயும் விலை கூடியிருக்கும், வெளிச் சார்ஜும் விலை கூடுதலாகவே இருக்கும். மாற்றத்தின் சுமை, மாற முடியாதவர் தலையில் விழும்.

ஆகவே முன்பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். இரவில் என் கார் நிற்கும் இடத்தில் மின்சாரம் உண்டா? மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறேன்? மின்கலம் எனக்குச் சொந்தமா, வாடகையா? முதல் கேள்விக்கே "இல்லை" என்றால், இப்போதைக்குக் கையிலிருக்கும் காரை நல்லபடியாகப் பராமரிப்பதே லாபம்.

அதோடு நின்றுவிடவும் கூடாது. குடியிருப்புக் கூட்டங்களிலும், சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலும், மலிவு விலை அடுக்குமாடிகளின் கார் நிறுத்துமிடத்துக்கு வீட்டுக் கட்டணத்தில் மின்னூட்ட வசதி கேட்க வேண்டும். பேரங்காடிகளில் அமையும் முனையங்கள் அங்கு போகிறவர்களுக்கு உதவும். நம் கார் இரவெல்லாம் நிற்பது வேறு இடத்தில்.