திரும்பி வரும் பிள்ளைக்கு வாசல் திறப்போம்

சிறார் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட பிள்ளையின் பெயரைப் பத்திரிகை வெளியிடலாகாது. படத்தைப் போடலாகாது. 1947-ஆம் ஆண்டின் சிறார் நீதிமன்றச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் இவ்வாறு விதிக்கிறது. தவறிய பிள்ளையின் நெற்றியில் ஆயுளுக்கும் பட்டம் ஒட்டலாகாது என்பதே இதன் கருத்து.

சட்டம் ஒட்ட மறுத்த பட்டத்தை ஒட்டுகிறவர் யார்? நாம்தான்!

மலாக்கா தெலுக் மாஸிலுள்ள ஹென்றி கர்னி பள்ளியைச் சிறைச்சாலை இலாகா நடத்துகிறது. அங்கே பாடத்தோடு கைத்தொழிலும் கற்பிக்கப்படுகிறது. பிள்ளை தொழில் கற்று வீடு திரும்புகிறான். மறுநாளே, “உள்ளே இருந்தவன்” என்ற பேச்சு லயம் முழுதும் பரவுகிறது. வேலை கேட்டால் கை விரிக்கிறார்கள். “வாடா தம்பி” என்று அழைப்பவன் பழைய கும்பல்காரன் ஒருவனே. சோறு வாங்கித் தருபவனும் அவனே. பிறகு, இரண்டாம் குற்றத்துக்கு யாரை நோவது?

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் நம் குடும்பங்கள் பல பட்டணத்தோரங்களில் ஒதுங்கின. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் பந்துத் திடலும் பின்தங்கிப் போயின. அவ்விடத்தைக் கும்பல் பிடித்துக்கொண்டது. 2013-இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றில் நம்மவரே மிகுதி என்ற செய்தியைக் கண்டு தலைகுனிந்தோம். குனிந்ததோடு சரி!

குற்றத்தைச் சிறிதென்று நாம் கூறவில்லை. அடிபட்டவனும் பொருளைப் பறிகொடுத்தவனும் தொழிலாளியே. அவனுக்கு நாளை மீண்டும் அந்தக் கதி நேராதிருக்க வேண்டுமானால், இன்று திரும்பி வரும் பிள்ளைக்கு வேலை வேண்டும்.

ஆகவே கிளைச் செயலவைகளுக்கு மூன்று வேண்டுகோள். பிள்ளை வருமுன்பே பெற்றோரைச் சென்று காணுங்கள். அவன் கற்ற தொழிலுக்கு ஏற்ற வேலை கேட்டு நிர்வாகத்திடமும் பட்டறைக்காரரிடமும் நீங்களே பேசுங்கள். லயத்தில் வம்பு பேசும் வாயை அடக்குங்கள்.

பால்மரம் வெட்டுகிறவருக்கு ஒன்று தெரியும். வெட்டிய பட்டை மீண்டும் வளரும்; ஆனால் அதே இடத்தில் மேலும் மேலும் கத்தியை ஆழ்த்தினால் மரம் பாழ். மரத்துக்குக் காட்டும் நிதானத்தை நம் பிள்ளைக்குக் காட்டலாகாதா?

வேலை நீக்கப்பட்ட தொழிலாளிக்காக வாதாடும் சங்கம், வேலையே கிடைக்காத இந்தப் பிள்ளைக்காகவும் வாதாடட்டும். அவனும் நாளைய அங்கத்தினன்.